ஏழாம் தேதிக்குள் கூலி



விஜயபுரம், நகரி, புத்தூர் வட்டாரங்களிலிருந்து பிழைப்பு நாடித் திருப்பதிக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்தவர்களில் பலர், பிறரிடம் வேலை செய்த நிலைமாறி, இன்று நான்கு பேருக்கு வேலை கொடுக்கும் நிலைக்கு உயர்ந்திருக்கிறார்கள். சிற்றுண்டிக் கடை, தையலகம், மளிகைக் கடை, அச்சகம், கட்டட ஒப்பந்தம் என அவர்கள் தொழில்கள் பலவிதம். இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் முதல் ஆளை வேலைக்கு அமர்த்திய நாளிலேயே சட்டத்தின்முன் ஒரு பொறுப்பும் நம்மேல் வந்துவிடுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

ஒரு சகோதரரை எண்ணிப் பாருங்கள். சென்னையில் சிற்றுண்டிக் கடை நடத்துகிறார். சொந்த ஊரிலிருந்து ஒரு வாலிபனை அழைத்துவந்து, பிள்ளையைப் போலவே வைத்திருக்கிறார். தங்க இடம், மூன்று வேளை உணவு, பண்டிகைக்குப் புதுத்துணி. சம்பளத்தைக் கையில் கொடுத்தால் வீணாக்கிவிடுவான் என்று தாமே வைத்துக்கொண்டு, அவ்வப்போது ஊரிலுள்ள அவன் தகப்பனாருக்கு அனுப்புகிறார். எதற்கும் எழுத்து இல்லை. மூன்றாம் ஆண்டில் மனத்தாங்கல் உண்டாகிறது. அவன் விலகிச் செல்கிறான். பதினான்கு மாதச் சம்பளம் பாக்கி என்கிறான். எல்லாம் கொடுத்தாயிற்று என்கிறார் இவர்.

இவர் கெட்டவர் அல்லர். அவனும் பொய்யன் அல்லன். தகப்பனார் வாங்கியது மகனுக்குத் தெரியாது. ஆனால் இவ்வழக்கில் தோற்கப் போகிறவர் யார் என்பதைச் சட்டம் முன்னமே சொல்லிவிட்டது.

சட்டம் யாரைக் கேட்கும்?

நாட்டின் தொழிலாளர் சட்டங்கள் 29-ஐ ஒன்றுசேர்த்து நான்கு தொகுப்புச் சட்டங்களாக்கி, 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவற்றுள் சிறு தொழில் நடத்துவோர் முதலாவது அறிய வேண்டியது 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம். கூலி கொடுக்கப்படவில்லை என்று தொழிலாளி முறையிட்டால், கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டிய பாரம் முதலாளியின்மேல் இருக்கிறது என்று அதன் 59-ஆம் பிரிவு சொல்லுகிறது. முறையிடுவதற்கு மூன்று ஆண்டுகள் அவகாசமும் உண்டு. நம் சகோதரர் எதைக் காட்டுவார்? உணவையும் புதுத்துணியையும் காட்ட முடியாதே!

அச்சட்டம் விதிக்கும் கடமைகளில் சில இவை:

மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும். அன்றாடக் கூலியை அன்றைய வேலை முடிந்தவுடனும், வாரக் கூலியை வாரத்தின் கடைசி வேலைநாளிலும் கொடுக்க வேண்டும். ஒருவர் தாமாக விலகினாலும், நாம் விலக்கினாலும், இரண்டு வேலைநாட்களுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும்.

குறைந்தபட்ச ஊதியம் முன்பு அட்டவணையிலிருந்த தொழில்களுக்கு மட்டுமே உரியது. இப்போது எல்லா வேலைக்கும் உரியது. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது கூடாது. மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் உண்டு.

பாத்திரம் உடைந்தது, துணி கிழிந்தது என்று நினைத்தபடி பிடித்தம் செய்யலாகாது. அவர் தரப்பு நியாயத்தைக் கேட்ட பிறகே பிடிக்கலாம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

சேரவேண்டியதைவிடக் குறைத்துக் கொடுத்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்து ஆண்டுகளுக்குள் மறுபடியும் அதே குற்றம் செய்தால் மூன்று மாதச் சிறையும் நேரிடலாம்.

முன்பணம் என்னும் கயிறு

ஊரிலிருந்து ஆள் சேர்க்கும்போது முன்பணம் கொடுப்பது பழைய வழக்கம். கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ பணம் கொடுத்து உதவுவது குற்றமல்ல. பணத்தைத் தீர்த்தால்தான் போகலாம் என்று தடுப்பதும், அதைக் காட்டிக் குறைந்த கூலிக்கு வேலை வாங்குவதும் குற்றம். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி அத்தகைய கடன் ஒழிந்துபோகும். வேலை வாங்கியவருக்கு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

தில்லியில் 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டுமானப் பணிகளில் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே ஒருவரிடம் வேலை வாங்குவது, அரசமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவன் சம்மதித்துத்தானே வந்தான் என்று நாம் சொல்லலாம். பசியும் ஒரு கட்டாயமே என்பதை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது.

ஊரிலிருந்து சிறுவரை அழைத்துவருவோருக்கும் ஓர் எச்சரிக்கை. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலைக்கும் கூலிக்கு அமர்த்தலாகாது. மீறுவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. சாப்பாட்டுக்கு வழியில்லாத பிள்ளை என்ற இரக்கம் உண்மையானால், அவனைப் பள்ளியில் சேர்ப்பதே இரக்கம்.

எல்லைக்கு இருபுறமும்

விஜயபுரம் தமிழக எல்லையை ஒட்டியது. நம்மவர்களில் நகரியில் ஒரு கடையும், எல்லை தாண்டி மற்றொரு கடையும் வைத்திருப்போர் உண்டு. பேசும் மொழி ஒன்றாயினும் சட்டம் ஒன்றல்ல. ஆந்திரத்துக் கடைக்கு 1988-ஆம் ஆண்டின் ஆந்திரக் கடைகள், நிறுவனங்கள் சட்டமும், தமிழகத்துக் கடைக்கு 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் பொருந்தும். 2021-இல் திருத்தப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம், நாள் முழுவதும் நிற்கும் ஊழியர் உட்கார இருக்கை தருவதையும் கடமையாக்கியது. குறைந்தபட்ச ஊதியத்தையும் அந்தந்த மாநில அரசே அறிவிக்கிறது. ஆகையால் கடை எங்கே இருக்கிறதோ அங்குள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டறிவதே நலம். தண்டிக்க வருகிறவர் என்று மட்டும் நாம் எண்ணும் ஆய்வாளர், ஆலோசனை கூறவும் கடமைப்பட்டவர் என்று புதிய சட்டம் சொல்லுகிறது.

பத்தும் இருபதும்

ஆட்கள் பெருகும்போது கடமைகளும் பெருகும். பத்துப் பேர் ஆனவுடன், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோரை இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்க்க வேண்டும். அதற்கு முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். ஐந்து ஆண்டு பணிசெய்து விலகுவோருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. பெண் ஊழியருக்கு 26 வாரப் பேறுகால விடுப்பும், பாலியல் துன்புறுத்தல் முறையீடுகளை விசாரிக்க உட்குழுவும் அவசியம். நியமனக் கடிதமும் கட்டாயம். இருபது பேர் ஆனால் வருங்கால வைப்பு நிதியும் போனசும் சேரும். எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டத் தோன்றும் சோதனை பெரிது. ஒரு விபத்து நேர்ந்த நாளில் அந்தப் பொய் இரண்டு குடும்பங்களைக் கவிழ்க்கும்.

இந்த மாதமே செய்யத்தக்கவை

அன்பான முதலாளிகளே, நான்கே பேர் இருந்தாலும் நான்கு காரியங்களைச் செய்யுங்கள். பெயர், வேலை, சம்பளம், சேர்ந்த தேதி ஆகியவற்றை எழுதி ஒரு நியமனக் கடிதம் கொடுங்கள். ஒவ்வொருவர் பெயரிலும் வங்கிக் கணக்கு தொடங்கச் செய்து, சம்பளத்தை அதில் செலுத்துங்கள். ஊருக்கு அனுப்புவதை அவர்களே அனுப்பட்டும். மாதந்தோறும் சம்பளச் சீட்டுக் கொடுத்து, வருகைப் பதிவேடும் ஊதியப் பதிவேடும் வைத்திருங்கள். முன்பணம் கொடுத்தால் தொகையையும் தவணையையும் இருவரும் கையொப்பமிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உபாகமம் 24-ஆம் அதிகாரம், கூலிக்காரனுடைய கூலியைச் சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுக்கக் கட்டளையிடுகிறது. அவன் ஏழை, அதன்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறான் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். மத்தேயு 20-இல் வரும் திராட்சத்தோட்டத்து எஜமான், காலையிலேயே கூலியைப் பேசி முடிவுசெய்து, மாலையிலேயே அதைக் கொடுக்கச் செய்தான். அவனுடைய தயாளம் பேசிய கூலியைக் குறைக்கவில்லை. பேசியதைக் கொடுத்த பிறகு நாம் கொடுக்கும் புதுத்துணி அன்பளிப்பு; அதற்கு முன்பு கொடுப்பது அவனுடைய பணத்தில் வாங்கியதே.

வருகிற ஏழாம் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் உண்டு என்று நாட்காட்டியைப் பாருங்கள். அன்றைக்குள் முதல் சம்பளச் சீட்டை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.