ஆரியர்களின் பூர்விகம் எது? உரல் மலையா, ஈரானா, இந்தியாவா? ஆய்வுகள் சொல்வது என்ன?

சமஸ்கிருதம், இந்தி, பாரசீகம், குர்திஷ்... இவை எல்லாமே ஒரே மூல மொழியில் இருந்து கிளைத்தவை. அந்த மொழியை 'ஆதி இந்தோ-ஈரானியம்' என்கிறார்கள் மொழியியலாளர்கள். சரி, அதை முதன்முதலில் பேசியவங்க எங்கே வாழ்ந்தாங்க? நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீடிக்கும் இந்தச் சண்டையில் இப்போது மரபணு ஆய்வும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

யார் இந்த இந்தோ-ஈரானியர்?

ரிக் வேதத்தையும், பார்சிகளின் புனித நூலான அவெஸ்தாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும். அங்கே 'சப்த' என்றால் இங்கே 'ஹப்த'. அங்கே 'சோம', இங்கே 'ஹவோம'. அங்கே 'அசுர', இங்கே 'அஹுர'. இரு தரப்புமே தங்களை 'ஆரியர்' என்று அழைத்துக்கொண்டன. 'ஈரான்' என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் இது ஒரு மொழிக் குடும்பத்தின் கதை. அதை 'இனம்' ஆக்கியது பிற்கால ஐரோப்பிய அரசியல்.

உரல் மலை பக்கம் கை காட்டுவது ஏன்?

ரஷ்யாவின் தெற்கு உரல் பகுதியில் கி.மு. 2100 முதல் 1800 வரை இருந்தது சிந்தாஷ்டா பண்பாடு. இதுவரை கிடைத்ததிலேயே மிகப் பழமையான ஆரக்கால் தேர்கள் இங்குள்ள கல்லறைகளில்தான், பலியிட்ட குதிரைகளோடு கிடைத்தன. தேரும் குதிரையும் ரிக் வேதத்தில் எவ்வளவு முக்கியம் என்பது தெரிந்ததே.

இன்னொரு சாட்சி ஃபின்னிஷ் மொழி. இது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனாலும் அதில் நூறுக்கு 'சதா' என்றுதான் பெயர். சமஸ்கிருதத்தில் 'சத'. அப்படின்னா, இரண்டு மொழிகளின் முன்னோர்களும் வடக்கே எங்கோ அக்கம்பக்கமாக வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

மரபணு என்ன சொல்கிறது?

2019-ல் 'சயின்ஸ்' இதழில் 523 தொல்மனிதர்களின் மரபணு ஆய்வு வெளியானது. கி.மு. 2000-க்குப் பிறகு ஸ்டெப்பி புல்வெளி மக்களின் மரபணு தெற்காசியாவுக்குள் கலந்ததாக அது கூறியது. ஹரப்பா கால ராகிகர்ஹியில் கிடைத்த பெண்ணின் எலும்புக்கூட்டில் அந்த மரபணு இல்லை.

அப்போ சிக்கல் எங்கே?

மக்கள் வந்ததாக மரபணு சொல்கிறது. ஆனால் ஸ்டெப்பி பாணி பானைகளோ குடியிருப்புகளோ இந்தியாவில் கிடைப்பதில்லை. நடுவில் மத்திய ஆசியாவின் பாலைவனச் சோலை நகரங்களில் தங்கி, அங்குள்ள பண்பாட்டோடு கலந்து வந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். துர்க்மெனிஸ்தானின் கோனூர் தேபேவில் அகழாய்வு செய்த விக்டர் சரியானிதி, அங்கே தீக்கோயில்களும் சோமபானம் தயாரித்த அறைகளும் இருந்ததாகச் சொன்னார். அதைப் பலர் ஏற்கவில்லை.

2023-ல் 161 மொழிகளை ஒப்பிட்ட ஆய்வு வேறு பாதையைக் காட்டியது. இந்தோ-ஈரானியக் கிளை மிகப் பழமையானது. ஸ்டெப்பிக்குப் போகாமலே ஈரான் வழியாகக் கிழக்கே பரவியிருக்கலாம் என்றது. அப்படியானால் தேர் தொடர்பான பொதுச் சொற்கள் எப்படி வந்தன என்று கேட்கிறார்கள் எதிர்த்தரப்பினர்.

இந்தியாதான் பூர்விகம் என்பவர்களின் வாதம்?

ஸ்ரீகாந்த் தலகேரி போன்றவர்கள், மொழி இங்கிருந்துதான் மேற்கே போனது என்கிறார்கள். கி.மு. 14-ம் நூற்றாண்டின் மிட்டன்னி உடன்படிக்கையில் மித்ரன், வருணன், இந்திரன் பெயர்கள் இருப்பதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். அது கிடைத்தது இன்றைய துருக்கியில். உத்தரப் பிரதேசத்தின் சினௌலியில் 2018-ல் கிடைத்த வண்டிகளையும் 'தேர்' என்கிறது ஒரு தரப்பு. ஆனால் அவற்றின் சக்கரங்கள் ஆரக்கால் இல்லாதவை. குதிரை எலும்பும் கிடைக்கவில்லை.

இப்போதைய நிலை என்ன?

பெரும்பாலான ஆய்வாளர்கள் ஸ்டெப்பி பக்கமே நிற்கிறார்கள். மொழி, தொல்லியல், மரபணு மூன்றும் ஓரளவாவது ஒத்துப்போவது அங்கேதான். ஆனால் எலும்பு எந்த மொழி பேசியது என்று மரபணு சொல்லாது. சிந்தாஷ்டா மக்கள் எழுத்து எதையும் விட்டுப்போகவில்லை. ராகிகர்ஹியிலும் மரபணு கிடைத்தது ஒரே ஒருவரிடம் இருந்துதான். சிந்துவெளியிலும் ஈரானிலும் இன்னும் பல தொல்மனிதர்களின் மரபணு கிடைத்தால்தான் இந்த வழக்கு அடுத்த கட்டத்துக்கு நகரும்.