காப்பகத்தின் வாசலில்

'எந்த யுனிவர்சிட்டி? லெட்டர் இருக்கா?' ஓர் ஆவணக் காப்பகத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. ஆவணம் இருப்பது வேறு, அது வாசிக்கக் கிடைப்பது வேறு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அயோத்திதாசரை எடுத்துக்கொள்வோம். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கிப் பிறகு 'தமிழன்' ஆன வார இதழை, 1914இல் இறக்கும்வரை நடத்தினார். பிரதிகள் சிலர் கையில் இருக்கத்தான் செய்தன. ஆனாலும் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த இரு தொகுதிகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பிறகே அவரை முன்வைத்துத் தமிழில் விரிவான விவாதம் சாத்தியமாயிற்று. அதுவரை அவரைச் சுலபமாகத் தாண்டிப்போக முடிந்தது. மறதி தானாக நிகழ்வதில்லை. கைக்கெட்டாமையும் அதை உற்பத்தி செய்கிறது.

தொகுப்பு வந்தால் போதுமா? போதாது. தொகுப்பு கட்டுரையைத் தரும். பக்கத்தில் அச்சான வாசகர் கடிதத்தையும் விளம்பரத்தையும் பெரும்பாலும் தராது. முழு இதழையும் படியெடுக்க வேண்டும். எடுத்ததற்கு ஆள், ஊர், பொருள் வாரியாக அட்டவணை வேண்டும். அட்டவணை போடுகிறவர் 'இதர' என்று ஒதுக்கிவிடுகிற இடத்தில்தான் பலருடைய வரலாறு கிடக்கிறது. யார் வகைப்படுத்துகிறார்கள் என்பதும் அரசியல்தான்.

கடைசியாக, அந்த லெட்டர். தன் பாட்டன் கொடுத்த மனுவைத் தேடி வருகிறவரிடம் எந்த யுனிவர்சிட்டி என்று கேட்டால், அவர் என்னதான் சொல்வார்?