மீன் தொட்டிக்குள் கரிகிரி யானை

காட்பாடி அருகே உள்ள கரிகிரி, மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். பச்சையும் பழுப்பும் மஞ்சளுமாகக் கண்ணாடிபோல் மினுங்கும் ஜாடி, யானை, குதிரை எல்லாம் அங்கே கையால் உருவாகி, சூளையில் வெந்து வருகின்றன. பிளாஸ்டிக் கோட்டையை வீசிவிட்டு இப்படி ஒரு யானையை மீன் தொட்டியில் வைக்க ஆசைப்படுவது நல்ல ரசனை. ஆனால் அது அலமாரிக்கென்று செய்த பொருள். தண்ணீருக்குள் இறக்கும்முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த நிறம் எதிலிருந்து வந்தது?

வெறும் மண்ணால் மீனுக்குக் கேடில்லை. பூச்சே இல்லாமல் நன்றாக வெந்த களிமண் தண்ணீரில் கரையாது. அதன் நுண்துளைகளில் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் குடியேறி, மீன் கழிவின் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். டிஸ்கஸ் மீனை இனப்பெருக்கம் செய்பவர்கள் முட்டையிடுவதற்குச் சுட்ட மண் கூம்பைத்தான் தொட்டியில் நிறுத்துகிறார்கள். வேகாத பொம்மையோ ஊறிக் குழைந்துவிடும்.

சிக்கல் மேற்பூச்சில் இருக்கிறது. கிளேஸ் என்பது மண்ணின்மேல் உருகிப் படிந்த கண்ணாடி. அதன் அடிப்படையான சிலிக்கா தனியாக உருக ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். 1,000 டிகிரியை ஒட்டி எரியும் சூளையில் அதை உருக்க ஈயம், வெண்காரம் போன்ற ஒன்றின் துணை வேண்டும். 1,200 டிகிரியைத் தாண்டினால் ஃபெல்ட்ஸ்பார், சுண்ணாம்பு போன்றவையே அந்த வேலையைச் செய்யும். நிறம் தருபவை வேறு: பச்சைக்குச் செம்பு அல்லது குரோமியம், நீலத்துக்குக் கோபால்ட், பழுப்புக்கு இரும்பு, கருமைக்கு மாங்கனீஸ். கலவையும் சூடும் சரியாக அமைந்தால் இவை கண்ணாடிக்குள் கட்டுண்டு கிடக்கும். அமையாவிட்டால் தண்ணீரில் கசியும். எனக்கு அதிகம் கவலை தருவது செம்புப் பச்சை. ஈயக் கிளேஸில் செம்பு சேரும்போது ஈயம் இன்னும் எளிதாக வெளியேறும். செம்போ மீனின் செவுளைத் தாக்கும். இறாலையும் நத்தையையும் மிகச் சிறிய அளவிலேயே கொன்றுவிடும்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் இதோடு தண்ணீரின் கதையும் சேர்ந்துகொள்கிறது. தோல் பதனிடும் ஆலைகளின் உப்பும் குரோமியமும் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைக் கெடுத்த வரலாறு இங்கே எல்லோரும் அறிந்தது. போர் தண்ணீர் வேண்டாமென்று ஆர்.ஓ. கேன் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடினநீரில் இருக்கும் கால்சியமும் காரத்தன்மையும் செம்பு, ஈயத்தின் நஞ்சை ஓரளவு மட்டுப்படுத்துபவை. ஆர்.ஓ. அவற்றையும் சேர்த்தே நீக்கிவிடுகிறது. அமிலத்தைத் தாங்கும் சக்தி இல்லாத அந்த நீர் நாளடைவில் அமிலத்தன்மைக்குச் சரிந்தால் பூச்சும் கூடுதலாகக் கரையும், கரைந்ததன் நச்சுத்தன்மையும் கூடும். நல்ல தண்ணீர் என்று நம்பி ஊற்றியதில்தான் அந்தப் பச்சை யானையால் அதிக ஆபத்து.

இந்தப் பகுதியின் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை நாட்டின் சட்டமாகவே ஏற்றது. செய்யும் காரியம் சூழலுக்குக் கேடற்றது என்று நிரூபிக்கும் பொறுப்பு, அதைச் செய்பவரையே சேரும் என்றது. பாலாற்றுக்காகச் சொன்னதை வீட்டுத் தொட்டிக்கும் வைத்துப் பார்க்கலாம். ‘மீன் இதுவரை சாகவில்லையே’ என்பது சான்று ஆகாது. பூச்சில் என்ன இருக்கிறது, எத்தனை டிகிரியில் வெந்தது என்று செய்தவரால் சொல்ல முடிந்தால்தான் கிளேஸ் பொம்மை தண்ணீருக்குள் போகலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை: பொம்மையின் ஒரு பகுதியை வெள்ளை வினிகரில் ஒரு நாள் ஊறவிடுங்கள். நிறம் மங்கினாலோ பளபளப்பு போனாலோ அந்தப் பூச்சு நிலையற்றது. மாறாவிட்டால் ஈயம் இல்லை என்று பொருளல்ல. ஆய்வகங்கள் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 24 மணி நேரம் வைத்து, அந்தத் திரவத்தில் இறங்கிய ஈயத்தை அளந்துதான் முடிவு சொல்கின்றன.

பூச்சில்லாத பொம்மையை விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்கு வெந்தது, மொத்தென்று கேட்டால் வேகாததோ விரிசல் விட்டதோ. காய்ந்தபின் வெள்ளையாக உப்புப் பூத்தால், பூப்பது நிற்கும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவையுங்கள். பிறகு தொட்டிக்கு ஊற்றும் அதே தண்ணீரில் சில நாள் போட்டு, பி.எச். அளவையும் செம்பையும் கிட் வைத்துப் பாருங்கள். எனாமல் பூசிய கொலு பொம்மையையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் உருவங்களையும் சோதிக்கவே வேண்டாம்; அவை தொட்டிக்கானவை அல்ல.

துளைகளும் முக்கியம். மீன் தலையை நுழைத்துவிட்டுத் திரும்ப முடியாத அளவு ஓட்டை கூடாது. உள்ளே தண்ணீர் ஓடாத குழிவும் கூடாது. அங்கே தீனி அழுகும். கூர்விளிம்பு பீட்டா மீனின் துடுப்பைக் கிழிக்கும்.

இதையெல்லாம் கரிகிரிச் சக்கரத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் நேரடியாகச் சொல்லிச் செய்யச் சொல்லலாம் என்பதுதான் கைவினையின் பெரிய வசதி: பூச்சு வேண்டாம், நன்றாக வேகட்டும், விளிம்பை மழுக்கிவிடுங்கள், இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும். அப்படிச் செய்து தருபவருக்குக் கிளேஸ் யானைக்குக் கொடுக்கும் விலையையே கொடுங்கள்.