அக்காள் மகளும் பட்டாணி மணியும்

அக்காள் மகளைத் தம்பிக்குக் கொடுப்பது காணை வட்டாரத்தில் புதுமையன்று. நிலமும் உறவும் கைவிட்டுப் போகா என்பது பெரியோர் கணக்கு. அண்மையில் ஒரு தாய், தம் மூத்த மகளைத் தம்பிக்கு மணமுடிக்க ஓலை எழுத நம்மிடம் வந்தார். இத்தகைய மணத்திற்குத் திருச்சபைச் சட்டத்தில் தடை உண்டு. ஆயரிடம் விலக்குப் பெறவேண்டும். விண்ணப்பம் எழுதத் தொடங்கியபோதுதான், அவருடைய இளைய மகனுக்குப் பிறவியிலேயே காது கேளாது என்பது தெரிய வந்தது.

“மூத்தவளுக்கு நல்லாக் கேக்குதே சாமி!” என்றார் அவர்.

இதற்கு விடை கண்டவரும் ஒரு துறவியே. அகுஸ்தினார் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல், இன்றைய செக் நாட்டின் புருனோ நகரத்து மடத்துத் தோட்டத்தில், உருண்டை மணிப் பட்டாணியையும் சுருங்கிய மணிப் பட்டாணியையும் கலந்தார். முதல் தலைமுறையில் யாவும் உருண்டை. சுருக்கம் ஒழிந்ததோ? இல்லை. அடுத்த தலைமுறையின் 7,324 மணிகளில் 1,850 சுருங்கியிருந்தன. ஏறத்தாழ நான்கில் ஒன்று. 1866-இல் அச்சேறிய இவ்வுண்மையை 1900 வரை அறிஞருலகம் பொருட்படுத்தவில்லை!

மனிதரிடமும் பெரும்பாலான மரபுக் கூறுகள் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டிரண்டாக உள்ளன. ஒன்று பழுதாயினும் மற்றது காக்கும், காது கேட்கும். இரண்டும் பழுதானால் கேளாது. கருவுற்ற தாய்க்குக் காணும் ருபெல்லா அம்மையாலும் இக்குறை நேரலாம். பரம்பரையாக வருவதோ பெரும்பாலும் இவ்வாறு ஒளிந்தே வருகிறது.

அவ்வாறாயின், அந்தப் பெற்றோர் இருவரிடமும் பழுதுக் கூறு ஒளிந்திருக்கிறது. அவர்களுக்குப் பிறந்து காது கேட்கும் மகளிடம் அது இருக்க வாய்ப்பு மூன்றில் இரண்டு. தாயின் உடன்பிறந்த தம்பியிடம் இரண்டில் ஒன்று. இருவரிடமும் இருந்தால் பிள்ளைக்குக் குறை வர நான்கில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் பன்னிரண்டில் ஒன்று. அயலில் மணந்தால் இது மிகக் குறையும்.

“பன்னெண்டாவது பிள்ளைக்குத்தானே?” என்று கேட்டார் அத்தாய். இங்குதான் பலரும் இடறுகின்றனர். வாய்ப்புக்கு வரிசை கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. தலைப்பிள்ளைக்கே நேரலாம், ஒன்றுக்கும் நேராமலும் போகலாம்.

முதலில் மகனின் இரத்தத்தைச் சோதித்துப் பழுதுக் கூறு எதுவெனக் கண்டால், மூத்த மகளிடமும் தம்பியிடமும் அது உண்டா எனத் தேடலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இதற்கென மரபியல் துறை உள்ளது. பையனை அழைத்துச் செல்வதாகச் சொல்லிப் போயிருக்கிறார். பாதி எழுதிய விண்ணப்பம் நம் மேசையில் கிடக்கிறது.