தன்மேல் தானே மடியும் இழை

பரம்பரை இயல்புகளைத் தாங்கி நிற்கும் டீ.என்.ஏ. மூலக்கூறு அடெனின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு மூலங்களின் வரிசையாலாயது. அடெனின் தைமினையும், குவானின் சைற்றோசினையுமே துணையாகக் கொள்ளும். ஓரிழையைப் பார்த்து மற்றோரிழையைப் படியெடுக்க உதவுவது இவ்வியல்பே. வரிசையை வாசிக்கப் புகுந்த ஆய்வாளருக்குத் தடையாயமைந்ததும் இதுவே.

1977ஆம் ஆண்டிற் பிரெடெரிக் சாங்கரும் துணைவரும் வெளியிட்ட முறையில், பழைய இழையை அச்சாகக் கொண்டு நொதியமொன்று புதிய இழையைக் கட்டிச் செல்லும். உடன் கலந்த மாற்றுப் பொருள்கள் அவ்வளர்ச்சியை வெவ்வேறிடங்களில் நிறுத்தும். அங்ஙனம் பெற்ற துண்டுகளை மின்விசையால் ஜெல்லினூடே ஓடவிட்டு, அவற்றின் நீளத்தைக்கொண்டு வரிசையை அறிவர்.

ஆயின் தனித்த இழை நேராய்க் கிடப்பதன்று. அதன் ஒரு பகுதி சற்றுத் தள்ளியுள்ள மற்றொரு பகுதிக்குத் துணையாகுமாயின், இழை மடிந்து கொண்டையூசி வடிவம் பெறும். அடெனின், தைமின் இணையைப் பிணிப்பன இரண்டு ஐதரசன் பிணைப்புகள்; குவானின், சைற்றோசின் இணையைப் பிணிப்பன மூன்று. எனவே பின்னவை மலிந்தவிடத்து மடிப்பின் உறுதி மிகும். நொதியம் அங்கே தடைப்பட்டு நின்றுவிடும். இனி, துண்டு மடிந்தவாறே ஜெல்லில் ஓடுமாயின், நீளத்துக்கு ஒவ்வாத விரைவுற்று அயற்கோடுகளோடு நெருங்கும். இவ்விரண்டனுள் பின்னதே பெருந்தீங்கு என்பது எம் கருத்து. நின்றுபோன வாசிப்புத் தன் குறையைத் தானே காட்டும். நெருங்கிய கோடுகளோ பிழையை மெய்போற் காட்டும்.

வெப்பமூட்டலும் பீற்றெயின் சேர்த்தலும் மடிப்பைத் தளர்த்துவன. குவானினின் ஏழாமிடத்து நைதரசனை நீக்கிக் காபனை அமைத்த பொருளைப் பயன்படுத்துவது நுண்ணிய உபாயம். துணைகொள்ளும் இயல்பு கெடாதிருக்க, வேண்டாத மடிப்பு மட்டும் குறைகின்றது.

இத்தடையின் பாரதூரத்தை உடையும் எக்ஸ் நோயிற் காணலாம். மனவளர்ச்சியைக் குன்றச் செய்யும் இந்நோய்க்குக் காரணமான பரம்பரையலகு 1991இல் இனங்காணப்பட்டது. அதில் சைற்றோசின், குவானின், குவானின் என்னும் மும்மை திரும்பத் திரும்ப வருகின்றது. 55 முதல் 200 வரை மும்மைகளையுடைய தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்லுகையில் அத்தொகை பெருகக்கூடும். 200ஐக் கடப்பின் பரம்பரையலகு பெரும்பாலும் செயலற்றுப்போம். பழைய சோதனைகள் இப்பகுதியின் நீளத்தை மதிப்பிட்டன. நெடிது பெருகிய பகுதியை எழுத்தெழுத்தாக வாசித்தல் இயலாதிருந்தது. தனி மூலக்கூறொன்றில் நொதியம் தொழிற்படும்போதே அதனை நோக்கும் முறையால், ஏறத்தாழ 750 மும்மைகளினூடே வாசித்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. மும்மைகளிடையே அரிதாய் வரும் அடெனின்களின் இடத்தையும் இத்தகைய வாசிப்புக் காட்டும். தாயின் இழையில் அவை இருப்பின், பிள்ளையிடத்துத் தொகை பெருகும் அபாயம் குறைவு.