எரிபொருளின் உஷ்ணமும் பழுதறியும் முறையும்

மைகோ என்ற சுருக்கப் பெயரால் நாடெங்கும் அறியப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி 1951-இல் தோன்றி, பெங்களூர் ஆடுகோடியில் டீசல் பம்புகளைச் செய்து புகழ் பெற்றது. 2008-இல் அது பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிவிட்டபோதிலும், மைகோ லேஅவுட் என்ற வட்டாரப் பெயரில் பழைய ஞாபகம் இன்றும் நிலைத்திருக்கிறது. அந்நாளைய பம்புகளில் சுழலும் எடைக்குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் டீசலின் அளவை நிர்ணயித்தன. காமன் ரெயில் என்னும் பொதுக்குழாய் முறையில் இயங்கும் இந்நாளைய டீசல் வண்டிகளிலோ, வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் அடங்கி நிற்கும் டீசலை எந்தக் கணத்தில் எவ்வளவு விடுவது என்பதை, பல சென்சார்கள் அனுப்பும் செய்திகளைக் கொண்டு ஒரு கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அச்செய்திகளுள் ஒன்று எரிபொருளின் உஷ்ணம்.

அதை அறிய வேண்டிய அவசியம் என்னவெனில், இன்ஜெக்டர் டீசலைப் படியால் அளக்கிறது. எரிதலோ தராசின் கணக்கைக் கேட்கிறது. 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறிய டீசல் ஏறக்குறைய நூற்றுக்கு 3 பங்கு விரிந்துவிடுவதால், அதே படியில் முன்னிலும் குறைந்த எடையே அடங்கும். அக்குறையைக் கம்ப்யூட்டர் ஈடுசெய்தாக வேண்டும். அன்றியும், பம்பின் உறுப்புகளுக்கு மசகாகவும் குளிர்ச்சியாகவும் இருப்பது அதே டீசல்தான். அது மிகவும் சூடேறி இளகிவிட்டால் பம்பு தேயுமாதலால், அத்தருணத்தில் பல வண்டிகள் தம் சக்தியைத் தாமே குறைத்துக்கொள்கின்றன.

இந்தச் சென்சாரின் சூட்சுமம் எளியது. உஷ்ணம் ஏறினால் மின்தடை குறையும் ஒரு சிறு பொருள் அதனுள் இருக்கிறது. பல வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் காட்டுவது, 80 டிகிரியில் சுமார் 300 ஓமாக இறங்கிவிடும். கம்ப்யூட்டர் 5 வோல்ட் அனுப்பி, திரும்ப எஞ்சும் வோல்ட்டைக் கொண்டு உஷ்ணத்தைக் கணக்கிடுகிறது. வயர் அறுந்தால் தடை எல்லையற்றதாகிவிடுவதால், டீசல் மைனஸ் 40 டிகிரியில் இருப்பதாக அது எண்ணிக்கொள்ளும்; வயர்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டாலோ, டீசல் அளவுக்கு மீறிச் சூடேறியிருப்பதாக எண்ணும். முன்னதற்கு பி 0183 என்றும், பின்னதற்கு பி 0182 என்றும் ஸ்கேனரில் எண் தோன்றும்.

இங்கேதான் பெரும் பிழை நேர்கிறது. எண்ணைக் கண்டதும் பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைக்கு ஆள் அனுப்பிப் புதிய சென்சார் வாங்கி மாட்டிவிடுவது சிகிச்சை ஆகாது. ஏனெனில் அந்த எண் மின்சுற்றில் எங்கோ கோளாறு என்று சொல்லுகிறதே தவிர, சென்சார்தான் குற்றவாளி என்று ஒருநாளும் சொல்லவில்லை. கனெக்டரில் புகுந்த மழைநீரும், பின்களில் படிந்த களிம்பும், எலி கடித்த வயரும் அதே எண்ணை எழுப்ப வல்லவை.

ஆகவே முதற்பரிசோதனையை விடியற்காலையில் செய்தல் நலம். இரவெல்லாம் நின்ற வண்டியில், என்ஜினைக் கிளப்புமுன், டீசல், குளிர்விக்கும் நீர், உள்ளிழுக்கும் காற்று ஆகிய மூன்றின் உஷ்ணமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கவேண்டும். மார்கழிக் காலையில் பெங்களூரில் மற்ற இரண்டும் 16 டிகிரியை ஒட்டி நிற்க, டீசல் மட்டும் 60 காட்டுமானால் அந்தச் சுற்றைச் சந்தேகிக்கலாம். அடுத்து, மிகுந்த சூடு காட்டும் வண்டியில் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கவேண்டும்: அளவு மைனஸ் 40-க்கு வீழ்ந்தால் குற்றம் சென்சாரினுடையது, வீழாவிடில் வயரிலோ கம்ப்யூட்டரிலோ உள்ளது. மிகுந்த குளிர் காட்டுமானால், மின்சுற்று வரைபடத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, கழற்றிய கனெக்டரின் இரு முனைகளையும் ஒரு வயரால் இணைக்க வேண்டும். அளவு உச்சத்துக்குத் தாவினால் வயர் நன்றாயிருக்கிறது, சென்சாரையே சோதிக்கவேண்டும். தாவாவிடில் வயர் எங்கோ அறுந்திருக்கலாம். பின்னர் மல்டிமீட்டரால் 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்து, கழற்றத்தக்க சென்சாராயின் வெந்நீரில் அமிழ்த்தி, அதன் ஓம் அளவைக் கம்பெனிப் பட்டியலோடு ஒப்பிடலாம். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் நீர் 100 டிகிரிக்கு முன்பே, ஏறக்குறைய 97-இல் கொதித்துவிடுமாதலால், கொதிநீரை 100 என்று அனுமானிக்காமல் உஷ்ணமானியை உடன் வைப்பது உத்தமம்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். என்ஜின் ஓடும்போதும், நிறுத்திய சற்று நேரம் வரையிலும், உயரழுத்தக் குழாய்களைத் தளர்த்தலாகாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகக்கூடியது.

அனுமானத்தால் மாற்றிய பாகம் தற்செயலாகப் பலித்தாலும் பலிக்கலாம். அளந்து கண்ட உண்மையே தொழிலுக்குப் பிரமாணம். ஆதலின் வண்டிக்கு உடையவர்களே, பழுதுபார்ப்பவரிடம் என்ன எண் வந்தது என்று கேட்பதோடு நிற்காமல், எதை அளந்து பார்த்தீர்கள் என்றும் மரியாதையுடன் கேளுங்கள்; நல்ல தொழிலாளர் அக்கேள்விக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்வார்.