கொள்ளிடத்தைத் தடுத்துக் காவிரியைக் காத்த முக்கொம்பு

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில், முக்கொம்பு என்னும் இடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரிலேயே தஞ்சை வயல்களை நோக்கிச் செல்ல, வடகிளை கொள்ளிடம் என்ற பெயரில் ஸ்ரீரங்கத் தீவை வடபுறமாகச் சுற்றிக் கடலுக்குப் போகிறது. கொள்ளிடத்தின் பாதை குறுகியது, அதன் சரிவும் மிகுதி. ஆகவே தடை ஏதுமில்லாவிட்டால் ஆற்றுநீர் தானாகவே அந்தப் பக்கம் சாயும். நீர் குறையக் குறையக் காவிரியின் வேகம் தளர்ந்து, வண்டலும் மணலும் படிந்து அதன் படுகை மேடாகிறது. கொள்ளிடமோ அரிப்பால் மேலும் ஆழமாகிறது. இந்தச் சுழலை அப்படியே விட்டிருந்தால் தஞ்சைக் கழனிகள் காலப்போக்கில் நீரின்றிப் போயிருக்கும் என்பதில் ஐயமில்லை.

கரிகாலன் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கல்லணை, தீவின் கீழ்முனையில் இரு ஆறுகளும் மீண்டும் நெருங்கும் இடத்தில் நின்று, காவிரி நீர் கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் காத்துவந்தது. ஆனால் மேல்முனையில் நிகழும் பிரிவைத் திருத்த அதனால் இயலாது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பொறியாளர்கள் முதலில் கல்லணையைத்தான் உயர்த்திப் பார்த்தனர். பின்னர் ஆர்தர் காட்டன், படிந்த மணலை வெள்ளத்தோடு கீழே தள்ளிவிடும் மணற்போக்கி மதகுகளை 1830-ஐ ஒட்டி அதில் அமைத்தார். அவற்றால் கிடைத்த பயன் போதவில்லை. நோய் இருந்தது முக்கொம்பில். மருந்தும் அங்கேதான் இடப்பட வேண்டியிருந்தது.

அங்கே கட்டுவதற்குப் பெருந்தடையாக இருந்தது மணல். எவ்வளவு தோண்டினாலும் பாறை தட்டாத படுகையில் அடித்தளம் நிற்பது எப்படி என்ற கேள்விக்குக் கல்லணையே விடையாக இருந்தது. மணற்படுகையில் கட்டுமானத்தை நிலைநிறுத்தும் வித்தையை அந்தப் பழைய அணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றதாகக் காட்டன் ஒப்புக்கொண்டிருக்கிறார். தமிழ்நாட்டின் பாசன வரலாற்றில் இந்த ஒப்புதல் உரிய அளவு பேசப்படவில்லை. 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் எழுந்த மேலணை, ஆற்றிடைத் திட்டுகளால் பிரிக்கப்பட்ட பகுதிகளாகக் கட்டப்பட்டது. அதன் சுவர் ஓர் ஆள் உயரத்தை ஒட்டியதே. கொள்ளிடத்தை முற்றிலும் அடைப்பது அதன் நோக்கமன்று. பாசனக் காலத்து நீரைக் காவிரிப் பக்கம் திருப்பிவிட்டு, வெள்ளம் வந்தால் சுவரின் மேல் வழிந்தோட விடுவதே போதுமானதாக இருந்தது. மேலே தடுத்தால் கொள்ளிடத்தை நம்பியிருந்த கீழ்ப்பகுதி நிலங்கள் வாடும் என்பதால், அதே காலத்தில் அணைக்கரையில் கீழணையும் கட்டப்பட்டது. வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு நீர் செல்வது அங்கிருந்துதான்.

மேலணை எதிர்பார்த்ததைவிட மிகுதியாகவே வேலை செய்தது. காவிரியில் நீர்வரத்து பெருகி, முன்பு மேடாகிக்கொண்டிருந்த படுகை அரிபடத் தொடங்கியதால், சில ஆண்டுகளிலேயே கொள்ளிடச் சுவரின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைப்பில் படுகை மேலும் ஆழமாகாதபடி குறுக்கே தளச்சுவர் அமைக்கவும் நேர்ந்தது. ஆற்றை ஒரு பக்கம் திருத்தினால் அது மறுபக்கம் தன் கணக்கைக் கேட்கும் என்பதை 1840-களின் இந்தப் பணிகள் தெளிவாகக் காட்டின.

நிலையான சுவரின் குறையும் அப்போது புலப்பட்டது. அதன் உயரம் மாறாது. பஞ்சத்திற்கும் பெருவெள்ளத்திற்கும் ஒரே அளவுதான். கதவணை என்பது இதற்கு மாறானது: அதில் சுவர் தாழ்ந்திருக்கும், தூண்களுக்கிடையே ஏற்றி இறக்கத்தக்க கதவுகளே நீர்மட்டத்தைத் தீர்மானிக்கும். 20-ஆம் நூற்றாண்டு பிறக்கும் காலத்தை ஒட்டிக் கொள்ளிடப் பகுதியில் இரும்பு ஷட்டர்கள் பொருத்தப்பட்டு, மேலணை கதவணையாக மாறியது. அந்த அமைப்பில், ஆற்றிடைத் திட்டால் பிரிந்த கொள்ளிடத்தின் தென்கிளையில் 45 கதவுகளும், வடகிளையில் 10 கதவுகளும் இருந்தன. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் நீர்வரத்தை முன்கூட்டியே அறிந்து இக்கதவுகளை இயக்க முடிந்தது: டெல்டாவுக்குத் தேவையான நீர் காவிரியில் போகும், மிகுதி கொள்ளிடம் என்னும் வடிகாலில் இறங்கும்.

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடியை ஒட்டி நீர் திறக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி கொள்ளிடத்தில் விடப்பட்டது. வெள்ளம் தணியத் தொடங்கிய நிலையில், ஆகஸ்ட் 22 அன்று, கொள்ளிடத்தின் தென்கிளையில் 6 முதல் 14 வரையிலான ஒன்பது கதவுகள் தூண்களோடு இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. உடைப்பு வழியே நீர் வீணாகக் கொள்ளிடத்தில் ஓடியதால், காவிரிப் பாசனத்தைக் காக்கத் தொழிலாளர்கள் இடுப்பளவு நீரில் நின்று மணல்மூட்டைகளையும் பாறைகளையும் அடுக்க வேண்டியதாயிற்று. கட்டுமானத்தின் முதுமை ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆற்றில் அளவுமீறி மணல் அள்ளியதே காரணம் என்று விவசாயிகள் குற்றஞ்சாட்டினர். மணலையே அடித்தளமாகக் கொண்ட கட்டுமானத்தின் கீழ்ப்புறத்தில் படுகை தாழ்ந்தால், நீர் தூண்களின் அடிமணலை அரித்து வெளியேற்றும் என்பதால், அந்தக் குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பழைய அணைக்குக் கீழ்ப்புறத்தில், ரூ.387.60 கோடி மதிப்பீட்டில், கொள்ளிடத்தின் இரு கிளைகளிலும் புதிய கதவணை கட்டப்பட்டது. அதன் தூண்களும் அதே மணற்படுகையில்தான் நிற்கின்றன.